விண்டோஸ் சிஸ்டம் இமேஜ் பேக்கப் 80780119 என்று நிற்கிறது, எக்ஸ்டெர்னலில் இடம் நிறைய இருக்கிறது

முதுநகர் டிடிபி:

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் கோரல் டிராவிலும் போட்டோஷாப்பிலும் செய்வோம். பழைய வேலை எதையும் அழிக்க முடியாது. அக்கா கல்யாணத்துக்கு அடித்த மாடலைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை கல்யாணத்துக்கும் அதேபோல் வேண்டும் என்று வருவார்கள், போன வருடம் அஞ்சலி போஸ்டர் அடித்த வீட்டில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே போட்டோவைக் கேட்பார்கள், அவர்களிடம் அந்தப் போட்டோ இருக்காது, நம்மிடம்தான் இருக்கும்.

சிஸ்டம் விண்டோஸ் 10. சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. வேலை எல்லாம் டி டிரைவில், அது தனியாக ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க், கொஞ்சம் பழையது, 600 ஜிபி அளவுக்கு நிரம்பியிருக்கிறது. பேக்கப்புக்கு 2 டிபி எக்ஸ்டெர்னல். கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் விண்டோஸ் 7' என்று இருக்குமே, அதில் டிரைவை அப்படியே முழுசாக நகல் எடுக்கிற சிஸ்டம் இமேஜுக்குப் போய் சி, டி இரண்டையும் டிக் செய்து, சனிக்கிழமை கடை சாத்தும்போது ஓடவிட்டுப் போவது வழக்கம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஆரம்பித்த உடனேயே நின்றுவிடுகிறது. சைபர் எக்ஸ் போட்டு 80780119 என்று ஒரு எண், ஷேடோ காப்பி எடுக்க ஸ்டோரேஜில் இடம் போதவில்லை என்று ஒரு வாக்கியம். எக்ஸ்டெர்னலில் 1 டிபிக்கு மேல் காலியாக இருக்கிறது, டி டிரைவில் 300 ஜிபிக்கு மேல் இருக்கிறது, சி டிரைவில் 90 ஜிபி இருக்கிறது. எங்கே இடம் போதவில்லை?

பக்கத்துக் கடை சர்வீஸ் பையன் எக்ஸ்டெர்னலை ஃபார்மட் அடித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தால் சரியாகிவிடும் என்கிறான். அடிக்கலாமா?

லாஸ்பேட்டை சர்வீஸ்:

அண்ணே, ஃபார்மட் அடிக்காதீர்கள். கடைசியாக முழுசாக முடிந்த பேக்கப் அதில்தான் இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி டி டிரைவ் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது அது ஒன்றுதான். பேக்கப் ஓடவில்லை என்றால் பேக்கப் டிஸ்கைத் துடைத்துப் பார்ப்பது இங்கே புதுச்சேரியிலும் எல்லோரும் செய்கிற வேலைதான், எங்கள் கடைக்கு வருகிற டேட்டா ரெக்கவரி கேஸில் பாதி அப்படி வந்தவைதான்.

இனி எண்ணுக்கு வருவோம். சிஸ்டம் இமேஜ் எடுக்கும்போது விண்டோஸ் ஃபைல்களை நேராகக் காப்பி செய்யாது. நீங்கள் கோரலைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கிற கடையை ஒரு நொடி போட்டோ பிடித்துக்கொண்டு அந்தப் போட்டோவைப் பார்த்து ஸ்டாக் எடுக்கிற மாதிரி, டிரைவின் அந்த நேரத்து நிலையை உறையவைத்து அதிலிருந்துதான் எடுக்கும். அதுதான் ஷேடோ காப்பி. பேக்கப்பில் சேருகிற ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் இதற்குக் கொஞ்சம் இடம் காலியாக இருக்கவேண்டும். 500 எம்பிக்குக் குறைவான பார்ட்டிஷன் என்றால் 50 எம்பி, 500 எம்பிக்கு மேல் என்றால் 320 எம்பி. அந்த எரர் பெட்டியில் கீழே பொடி எழுத்தில் இதையெல்லாம் எழுதியிருக்கும், முதல் வரியோடு மூடிவிட்டிருப்பீர்கள்.

நீங்கள் பார்த்த மூன்று டிரைவிலும் ஜிபி கணக்கில் காலி இருக்கிறது. ஆனால் சி, டி மாதிரி எழுத்து இல்லாத பார்ட்டிஷன்கள் இருக்கின்றனவே, சிஸ்டம் பூட் ஆக இஎஃப்ஐ ஒன்று, விண்டோஸ் கெட்டால் மீட்க ரெக்கவரி ஒன்று. சிஸ்டம் இமேஜில் அவையும் தானாகச் சேரும். என் சந்தேகம் ரெக்கவரி பார்ட்டிஷன் மேல்தான். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து அது எத்தனை எம்பி என்று சொல்லுங்கள்.

பாகூரான்:

எனக்கும் இதே எண் வந்தது. விண்டோஸை மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது.

லாஸ்பேட்டை சர்வீஸ்:

பாகூர் நண்பரே, மறுபடி போட்டதில் ரெக்கவரி பார்ட்டிஷனும் புதிதாக உருவாகியிருக்கும், அதனால் சரியாகியிருக்கும். டிடிபி கடையில் விண்டோஸ் மறுபடி போடுவது என்றால் கோரல், ஃபான்ட், பிரிண்டர், கட்டர் டிரைவர் என்று ரெண்டு நாள் கடை போச்சு.

முதுநகர் டிடிபி:

பார்த்தேன். எஸ்எஸ்டியில் 100 எம்பி இஎஃப்ஐ, அப்புறம் சி, கடைசியில் ரெக்கவரி 529 எம்பி. ஆனால் அது 100 சதவீதம் காலி என்று காட்டுகிறதே. அப்படியானால் அங்கே பிரச்சினை இல்லைதானே?

லாஸ்பேட்டை சர்வீஸ்:

அந்த 100 சதவீதத்தை நம்பாதீர்கள். எழுத்து கொடுக்காத ரெக்கவரி, இஎஃப்ஐ பார்ட்டிஷன்களுக்குள் டிஸ்க் மேனேஜ்மென்ட் எட்டிப் பார்ப்பதில்லை, எப்போதும் முழுக்கக் காலி என்றே காட்டும். இந்த ஒரு திரையைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் போடுங்கள். லிஸ்ட் வால்யூம் கொடுத்தால் வரிசையாக வரும், அந்த 529 எம்பி உள்ளதை செலக்ட் செய்து அசைன் லெட்டர் கொடுத்து ஆர் என்று ஒரு எழுத்து போடுங்கள். மை கம்ப்யூட்டரில் தெரிய ஆரம்பிக்கும், ப்ராப்பர்ட்டீஸில் உண்மையான காலி இடம் வரும். 529 என்பது 500க்கு மேல், ஆகவே 320 எம்பி காலி கேட்கும். உள்ளே ரெக்கவரி ஃபைல் மட்டுமே 400 எம்பிக்கு மேல் இருக்கும், எங்கிருந்து 320 வரும்? அப்டேட்டுக்கு அப்டேட் அது வீங்கவும் செய்யும். 2024 ஜனவரியில் கேபி 5034441 என்று ஒரு அப்டேட் வந்ததே, பலருக்கும் 80070643 என்று நின்றது, அதுவும் இதே பார்ட்டிஷனில் இடம் போதாமல்தான்.

காலி இடம் 80 எம்பிக்கு மேல் இருந்தால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. பெரிதாக்க வேண்டாம், சின்னதாக்குங்கள். அதே வால்யூம் செலக்ட் ஆகியிருக்கும்போது ஷ்ரிங்க் டிசையர்டு 30 என்று கொடுத்தால் 529 போய் 499 ஆகும். 500க்குக் கீழே வந்துவிட்டதால் 50 எம்பி காலி இருந்தால் போதும் என்று விட்டுவிடும். விசித்திரமாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். முடிந்ததும் ரிமூவ் லெட்டர் கொடுத்து அந்த எழுத்தை எடுத்துவிடுங்கள், ரீஏஜென்ட்சி இன்ஃபோ கமாண்ட் போட்டு ரெக்கவரி எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள்.

செய்வதற்கு முன்னால் ஒரு பென் டிரைவில் ரெக்கவரி டிரைவ் எடுத்து வையுங்கள். வால்யூம் எண்ணை இரண்டு முறை பார்த்த பிறகு செலக்ட் செய்யுங்கள், டிஸ்க்பார்ட் 'நிச்சயமா?' என்று கேட்காது. இன்னொன்று, புது இமேஜ் ஓட்டுவதற்கு முன் எக்ஸ்டெர்னலில் இருக்கிற விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள், புதியது தனி ஃபோல்டராக விழும், பழையது அப்படியே இருக்கும். திரும்பத் தேவைப்பட்டால் பழைய பெயரையே வைத்து டிஸ்கின் முதல் மட்டத்திலேயே இருக்கவேண்டும், வேறு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டால் ரீஸ்டோர் நேரத்தில் பேக்கப்பே இல்லை என்று சொல்லும்.

முதுநகர் டிடிபி:

நீங்கள் சொன்னது அப்படியே. உள்ளே 84 எம்பிதான் காலி. சின்னதாக்கினேன், 80780119 வரவில்லை, இமேஜ் ஓட ஆரம்பித்தது. சி டிரைவ் முடிந்து டி டிரைவில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மறுபடி நின்றுவிட்டது. இப்போது வேறு எண், 80070079, செமஃபோர் டைம்அவுட் என்று எழுதியிருக்கிறது. இது என்ன புதுக் கதை? நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

உப்பனாற்றங்கரை:

நானும் முதுநகர்தான், துறைமுகம் பக்கம். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. முன்னாலேயே இருந்த கோளாறுதான், ஆரம்பத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் அது வரைக்கும் பேக்கப் போய்ச் சேரவில்லை. செமஃபோர் டைம்அவுட் என்றால் எழுதச் சொன்ன டிஸ்க் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். எக்ஸ்டெர்னல் என்றால் முதலில் கேபிளும் போர்ட்டும்.

நம் ஊர் உப்புக் காற்றுக்கு யூஎஸ்பி வாய் எல்லாம் பச்சை பூத்துவிடும். கேபினெட் முன்பக்க போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா? அதை விட்டுவிட்டு பின்னால் மதர்போர்டில் நேராக இருக்கிற நீலநிற போர்ட்டில் செருகுங்கள். இந்த சின்ன எக்ஸ்டெர்னலுக்கெல்லாம் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பியில் வருகிற கரண்ட்டில்தான் ஓடவேண்டும், 2.0 போர்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, 3.0வில் 900. ஹப் இருந்தால் கழற்றுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருக்கும், டிசேபிள் செய்யுங்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு சி7 என்ற வரியைப் பாருங்கள், அதில் எண் ஏறியிருந்தால் கேபிள்தான் குற்றவாளி.

லாஸ்பேட்டை சர்வீஸ்:

போர்ட், கேபிள் எல்லாம் சரி, சி7 விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். சி7 என்பது டிஸ்குக்கும் அது நேராகப் பேசுகிற சாட்டா இணைப்புக்கும் நடுவே வருகிற பிழையின் எண்ணிக்கை. எக்ஸ்டெர்னலில் அந்த சாட்டா இணைப்பு பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே வருகிற யூஎஸ்பி கேபிள் கெட்டிருந்தாலும் சி7 சும்மாதான் இருக்கும். உள்ளே மாட்டிய டிஸ்குக்கு சி7 பார்ப்பது சரி.

யூஎஸ்பி அறுந்ததா என்று பார்க்க, விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கிற ஈவன்ட் வியூவர் போங்கள், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். சோர்ஸ் டிஸ்க் என்று இருக்கிற வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து பேக்கப் நின்ற நேரத்தைப் பாருங்கள். 157 இருந்தால் டிஸ்க் திடீரென்று பிடுங்கப்பட்ட மாதிரி காணாமல் போயிருக்கிறது, கேபிள் அல்லது போர்ட் அல்லது கரண்ட். 153 என்றால் ஒருமுறை சொல்லி நடக்காமல் மறுபடி கேட்டிருக்கிறது. 7 என்று இருந்தால் பேட் பிளாக், அதாவது டிஸ்கிலேயே கெட்டுப்போன இடம், அது வேறு விஷயம். எந்த டிஸ்க் என்று டிஸ்க் 0, 1, 2 என எண் போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

முதுநகர் டிடிபி:

157 இருக்கிறது, டிஸ்க் 2, அது எக்ஸ்டெர்னல்தான். கேபிள் மாற்றிப் பின்னால் செருகிவிட்டேன். ஆனால் அதே பட்டியலில் 7 என்றும் சில வரிகள் இருக்கின்றன, அவை டிஸ்க் 1. டிஸ்க் 1 என்பது என் டி டிரைவ். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அந்த டிஸ்குக்கு மஞ்சள் நிறத்தில் காஷன் என்று காட்டுகிறது, சி5 வரியில் 8 இருக்கிறது. செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டால் சரிசெய்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், போடட்டுமா?

லாஸ்பேட்டை சர்வீஸ்:

வேண்டவே வேண்டாம், இப்போது வேண்டாம். சி5 என்றால் படிக்க முடியாமல் தடுமாறி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கிற செக்டர்கள். செக்டிஸ்க் ஆர் என்ன செய்யும் என்றால் 1 டிபியையும் மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்க்கும், அது சாகிற டிஸ்கை மணிக்கணக்கில் ஓடவைக்கிற வேலை. அது சரிசெய்வது ஃபைல் சிஸ்டத்தை, உங்கள் பத்திரிகையை அல்ல. இருக்கிற தெம்பைக் காப்பி எடுக்கச் செலவு செய்யுங்கள்.

இமேஜையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பேட் செக்டர் இருக்கிற டிஸ்கை இமேஜ் எடுக்கப் போனால் அந்த இடம் வரும்போது மொத்தமும் நின்றுபோகும். ஃபைல் ஃபைலாக எடுத்தால் கெட்டது மட்டும் போகும், மற்றதெல்லாம் வந்துவிடும். புதிதாக ஒரு டிஸ்க் வாங்குங்கள், எப்படியும் டி டிரைவுக்கு ஒன்று வேண்டும்.

நெல்லித்தோப்பு ஜெ:

அண்ணா, நான் புதுச்சேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், டேலி டேட்டாவோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. ஃபைலாக எடுக்க ரோபோகாப்பி பயன்படுத்துங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது. எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டால் ஒரு கெட்ட ஃபைல் வந்ததும் பெட்டி ஒன்று திறந்து ரீட்ரையா ஸ்கிப்பா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், காலையில் வந்து பார்த்தால் 4 சதவீதத்தில் நிற்கும்.

ஆனால் ரோபோகாப்பியில் ஆர் 1, டபிள்யூ 1 என்ற இரண்டு சுவிட்சையும் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் காப்பி ஆகாத ஃபைலை 10 லட்சம் தடவை முயற்சி செய்யும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும், அது அதன் சொந்த வழக்கம். கணக்குப் போட்டால் ஒரே ஒரு கெட்ட ஃபைலுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம்! சப் ஃபோல்டர் எல்லாம் வர இ சுவிட்ச், எது வரவில்லை என்று தெரிய லாக் சுவிட்ச். எம்ஐஆர் சுவிட்ச் மட்டும் வேண்டாம், பல இடங்களில் அதைத்தான் சிபாரிசு செய்திருப்பார்கள். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் அது. டி டிரைவ் பாதி தெரியாமல் போன நாளில் அதை ஓட்டினால் பேக்கப்பும் பாதியாகிவிடும்.

இன்னொரு விஷயம், கோரல் சேவ் செய்யும்போது பேக்கப் ஆஃப் என்று ஆரம்பிக்கிற ஃபைல் ஒன்றைப் பக்கத்திலேயே போடுமே, அதைப் பேக்கப் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே டிஸ்கில், அதே ஃபோல்டரில் இருப்பது எப்படிப் பேக்கப் ஆகும்? டிசைனைத் தப்பாக மாற்றி சேவ் செய்துவிட்டால் முந்தையதை எடுக்க உதவும், அவ்வளவுதான்.

முதுநகர் டிடிபி:

ரொம்ப நன்றிம்மா. புது டிஸ்க் வாங்கி ரோபோகாப்பி ஓட்டினேன், முழு ராத்திரி ஓடியது. லாக் ஃபைலில் கடைசியில் ஃபெயில்டு என்று 11 ஃபைல் காட்டுகிறது. இரண்டு போட்டோஷாப் ஃபைல் முக்கியமானவை, கோயில் நோட்டீஸ் லேயர் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மற்றவை போனால் போகட்டும்.

லாஸ்பேட்டை சர்வீஸ்:

அவை உங்கள் பழைய இமேஜில் இருக்கும் அண்ணே, பெயர் மாற்றி வைத்தீர்களே அந்த ஃபோல்டர். உள்ளே போனால் விஎச்டிஎக்ஸ் என்று முடிகிற பெரிய ஃபைல்கள் இருக்கும், அளவைப் பார்த்தாலே எது டி டிரைவுடையது என்று தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஆக்‌ஷன் மெனு, அட்டாச் விஎச்டி, ஃபைலைக் காட்டிவிட்டு ரீட் ஒன்லி டிக் செய்து ஓகே. ஒரு டிரைவ் மாதிரியே திறக்கும், வேண்டிய இரண்டு ஃபைலை எடுத்துக்கொண்டு டிடாச் செய்துவிடுங்கள். ரீட் ஒன்லி மறக்க வேண்டாம், எழுத அனுமதித்துத் திறந்தால் அந்த இமேஜ் பிறகு முழு ரீஸ்டோருக்கு உதவாமல் போகலாம்.

கெடிலம் கரையோரம்:

எல்லாம் சரி, இந்த எக்ஸ்டெர்னலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கடையிலேயே, சிஸ்டத்துக்குப் பக்கத்திலேயே என்றால் இவ்வளவு பாடுபட்டதும் பாதிதான். 2011 டிசம்பர் 30 அன்று வந்த 'தானே' புயலை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், 2015 மழையில் தண்ணீர் புகுந்ததையும் பார்த்தோம், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது அங்கே தரைத்தளத்துக் கடைகள் என்ன ஆனது என்று லாஸ்பேட்டைக்காரரைக் கேளுங்கள். மூன்று நகல், இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் குரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு, அவரும் நம்மைப் போல படம் வைத்துப் பிழைப்பவர்தான். கிளவுட் என்றால் 600 ஜிபியை 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற இரவு பகலாக மூன்று நாள் அளவு பிடிக்கும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். இன்னொரு டிஸ்க் வாங்கி மாடி வீட்டில் இருக்கிற மச்சான் வீட்டில் வைப்பது சுலபம்.

லாஸ்பேட்டை சர்வீஸ்:

நெல்லித்தோப்பில் முழங்கால் தண்ணீரில் சிபியூவைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, அவ்வளவுதான் சொல்வேன். எக்ஸ்டெர்னலை எப்போதும் செருகியே வைப்பதும் வேண்டாம், ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரேன்சம்வேர் வந்தால் செருகியிருக்கிற எல்லாவற்றையும் பூட்டும். அப்புறம் இந்த சிஸ்டம் இமேஜ் வசதியை விண்டோஸ் 10 பதிப்பு 1709லேயே கைவிடப்படுபவை பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் ஓடுகிறது, ஆனால் இனி யாரும் அதைத் திருத்தப்போவதில்லை. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. வேலை ஃபைலை ரோபோகாப்பியில் எடுங்கள், சி டிரைவுக்கு மட்டும் எப்போதாவது ஒரு இமேஜ் போதும்.

நெல்லித்தோப்பு ஜெ:

சி டிரைவ் என்றதும் ஞாபகம் வந்தது. ஃபான்ட்! டி டிரைவ் மட்டும் எடுத்தால் ஃபான்ட் வராது அண்ணா. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட் மேல் ரைட் கிளிக் செய்து வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் அது அங்கே போகாது, உங்கள் யூசர் பெயருக்குக் கீழே ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று மறைவாக இருக்கிற ஃபோல்டருக்குப் போகும். இரண்டையும் காப்பி எடுங்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்த பத்திரிகை எல்லாம் ஃபான்ட் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும், வேறு தமிழ் ஃபான்ட் மாற்றினாலும் படிக்க வராது.

முதுநகர் டிடிபி:

இப்போதுதான் அந்த மறைவான ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், பாமினி அங்கே இல்லை, விண்டோஸ் ஃபான்ட்ஸில்தான் இருக்கிறது, ஆனால் சமீபத்தில் போட்ட டிசைன் ஃபான்ட் மொத்தமும் மறைவானதில்தான் கிடக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டேன். கோயில் நோட்டீஸ் ஃபைல் ஒன்று இமேஜிலிருந்து கிடைத்துவிட்டது, லேயரோடு திறக்கிறது. இன்னொன்று அந்த இமேஜுக்குப் பிறகு செய்தது போல, அதில் இல்லை. கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக் இருக்கிறது, அதை வைத்து மறுபடி அடுக்கவேண்டும். ஒரே ஒரு சந்தேகம், பழைய டி டிரைவை ஃபார்மட் செய்து பாட்டு, படம் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

லாஸ்பேட்டை சர்வீஸ்:

போனாலும் பரவாயில்லை என்கிற படமாக இருந்தால் போடுங்கள். முழு ஃபார்மட் அடித்துவிட்டு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05ம் சி5ம் பாருங்கள், 05 என்பது கெட்டுப்போனதாக டிஸ்க் தள்ளிவிட்டு மாற்றிக்கொண்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 பூஜ்யமாகி 05 ஏறாமல் நின்றால் கொஞ்ச நாள் ஓடும். 05 ஏறிக்கொண்டே போனால் கழற்றிவிடுங்கள். ஆனால் புது டிஸ்கிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து கோரல் ஃபைலைத் திறந்து பார்த்து, இன்னொரு நகலும் எடுத்து முடிக்கிற வரைக்கும் அந்தப் பழைய டிஸ்கைத் தொடாதீர்கள்.